யாரோட நாய்?

நாய் கடித்தால் முதலில் செய்ய வேண்டியது, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான், நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா திட்டிக்கொண்டே சொல்வதும் இதுதான். ஆனால் தெருவில் ஒருவரை நாய் கடித்ததும் கூடுகிற கூட்டம் தண்ணீரைத் தேடுவதில்லை. "யாரோட நாய்?" என்றுதான் முதலில் கேட்கிறது.

இந்தக் கேள்விக்கு மருத்துவக் காரணம் ஒன்று உண்டு. கடித்த நாய் பத்து நாள் கழித்தும் ஆரோக்கியமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது, உடனே ஆரம்பித்துவிட வேண்டும். ஆனாலும் நாய் எங்கே இருக்கிறது, என்ன ஆகிறது என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் கடிபட்டவருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

கூட்டம் இவ்வளவு யோசித்துக் கேட்பதில்லை. தேள் கொட்டினால் யாரும் "யாரோட தேள்?" என்று கேட்பதில்லை, கல் தடுக்கி விழுந்தால் "யாரோட கல்?" என்றும் கேட்பதில்லை. நாய் என்றால் மட்டும் அதற்குப் பின்னால் ஒரு மனிதக் கை இருக்கும் என்று நம் மனம் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கை யாருடையது, அது கடிபட்டவருக்கு என்ன தர வேண்டும், அதைச் சட்டத்தின் வழியாகக் கேட்பது முறையா என்பதுதான் இங்கே நான் யோசித்துப் பார்க்க நினைப்பது.

*

இதற்கு நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய பதில்களில் ஒன்று, இன்றைய ஈராக்கில் இருந்த எஷ்நுன்னா என்ற நகர அரசின் களிமண் பலகைகளில் இருக்கிறது. வயது ஏறத்தாழ 3800 ஆண்டுகள். ஒரு நாய் கடிக்கிற நாய் என்று பேட்டையின் அதிகாரிகள் உரிமையாளரிடம் தெரிவித்தும் அவர் அதை அடக்கி வைக்காமல் விட்டு, அது ஒருவரைக் கடித்து அவர் இறந்துபோனால், உரிமையாளர் 40 ஷெக்கல் வெள்ளி தர வேண்டும். இறந்தவர் அடிமையாக இருந்தால் 15 ஷெக்கல். உயிருக்கு உயிர் விலை வேறு என்பதை அந்தக் காலத்துச் சட்டம் மறைக்கக்கூட இல்லை.

பைபிளின் யாத்திராகமத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய விதியும் இதே மாதிரிதான். மாடு முட்டும் என்று முன்பே தெரியாவிட்டால் மாட்டைக் கல்லெறிந்து கொல்வதோடு சரி, உரிமையாளர் மேல் குற்றமில்லை. தெரிந்திருந்தும், எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்காவிட்டால் அவர் தலைக்கும் ஆபத்து. இங்கிலாந்தின் பொதுச் சட்டம் நூற்றாண்டுகளாக இதையேதான் பிடித்துக்கொண்டிருந்தது. நாய்க்குக் கடிக்கிற சுபாவம் உண்டு என்று உரிமையாளருக்குத் தெரிந்திருந்தால்தான் அவர் பொறுப்பு. இதை 'முதல் கடி இலவசம்' என்று கேலியாகச் சொல்வார்கள்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. தெரியாமல் நடந்ததற்கு ஒருவரைத் திட்ட முடியுமா? ஆனால் கடிபட்டவர் பக்கம் நின்று பார்த்தால் இந்த நியாயம் விசித்திரமாகத் தெரியும். முதல் கடியும் இரண்டாவது கடியும் ஒரே அளவு ஆழம்தான். உரிமையாளரின் தலைக்குள் என்ன இருந்தது என்பதை வைத்து என் காலில் இருக்கும் காயத்துக்கு யார் செலவு செய்வது என்று எப்படி முடிவு செய்யலாம்? கலிஃபோர்னியா மாதிரியான இடங்களில் சட்டம் இதை மாற்றிவிட்டது. பொது இடத்தில் உங்கள் நாய் ஒருவரைக் கடித்தால் நஷ்டத்துக்கு நீங்கள் பொறுப்பு. நாய் அதற்கு முன்பு யாரையும் கடித்ததில்லை என்பதெல்லாம் பதிலாகாது.

அப்படியென்றால் தப்பே செய்யாதவரைத் தண்டிக்கிறோமா? பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976இல் ஓர் உதாரணம் சொன்னார். ஒரு லாரி ஓட்டுநர், தன் தவறு எதுவும் இல்லாமல், குறுக்கே வந்த ஒரு குழந்தையின் மேல் ஏற்றிவிடுகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் "உன் மேல தப்பு இல்லப்பா" என்றுதான் ஆறுதல் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த ஓட்டுநர் வேடிக்கை பார்த்த ஒருவரைப் போல "பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனால் நமக்கு அவரைப் பற்றி ஏதோ நெருடும். தப்பு இல்லை, ஆனாலும் அது அவர் வழியாக நடந்தது. அவருக்கு அதில் மற்றவர்களுக்கு இல்லாத ஓர் இடம் இருக்கிறது.

பழி வேறு, பொறுப்பு வேறு என்பது என் வேலையில் தினசரிப் பழக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால், மறுநாள் உட்கார்ந்து என்ன நடந்தது என்று ஓர் அறிக்கை எழுதுவோம். "யார் தப்பு?" என்ற கேள்வி அந்த அறிக்கையில் இருக்கக் கூடாது என்பது விதி. பழி சொல்ல ஆரம்பித்தால் எல்லோரும் உண்மையை மறைப்பார்கள். ஆனால் அதே அறிக்கையின் கடைசியில் இனி செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஓனர்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விடக் கூடாது. பெயர் எழுதாத வேலை நடக்கவே நடக்காது, அதே சர்வர் அடுத்த மாதம் திரும்ப விழும்.

*

போன வருடம் எங்கள் அடுக்ககத்தில் வீட்டு வேலை செய்யும் ஓர் அக்காவை, அங்கே குடியிருக்கும் ஒருவரின் நாய் கடித்துவிட்டது. லிஃப்ட் கதவு திறந்ததும் பாய்ந்து கெண்டைக்காலைக் கவ்வியது. சங்கிலி கையில்தான் இருந்தது, ஆனால் நீளமாக விட்டிருந்தார்கள். அவர்கள் மோசமான மனிதர்கள் அல்ல. உடனே காரில் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், முதல் ஊசிக்குப் பணம் கட்டினார்கள், நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையைக் காட்டினார்கள். கவரில் ஐயாயிரம் ரூபாய் வைத்துக் கொடுத்தார்கள். காலில் கட்டோடு அந்த அக்கா "ரொம்ப நன்றிங்க சார்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் ஊசிகளுக்கு அவரே பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வந்தார். அங்கே ஊசி இலவசம்தான், ஆனால் போகிற நாளின் சம்பளம் இலவசமாக வராது. மூன்று வீடுகளில் வேலை பார்ப்பவர். காயம் ஆற பத்து நாளுக்கு மேல் ஆனது, அதற்குள் ஒரு வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

அவர் என்னிடம் வந்து கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றியதல்ல. "தம்பி, கேஸ் குடுத்தா அந்த நாயைக் கொன்னுடுவாங்களா?"

அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள் என்றேன். "வாயில்லா ஜீவன் தம்பி, அதுக்கு என்ன தெரியும்? அது மேல எனக்குக் கோவம் இல்ல" என்றார். பிறகு, "ஆனா ஒரு வீடு போச்சே, அதை யார்கிட்ட கேக்கறது?" என்றார்.

இரண்டு வாக்கியங்களில் அவர் பழியையும் பொறுப்பையும் பிரித்துவிட்டார்.

சட்டத்தில் அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று குற்றவியல் வழி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289ஆவது பிரிவு, அபராதம் 1,000 ரூபாய். ஆனால் அபராதம் அரசுக்குப் போவது. கடிபட்டவருக்கு வேண்டியது இரண்டாவது வழி, அதாவது கவனக்குறைவால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கேட்கிற உரிமையியல் வழி. அதற்கு வக்கீல் வேண்டும், கட்டணம் வேண்டும், வருடங்கள் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு பலருக்குத் தெரிவதில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் போன்றோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை எழுதினோம். நாய்க்கடி என்று குறித்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டு, காயத்தின் புகைப்படம், போன சம்பளத்தின் கணக்கு, இவ்வளவுதான் ஆவணம். வழக்காகப் போகும் முன்பே எதிர்த்தரப்புக்குக் கடிதம் போய், இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். லோக் அதாலத்தில் எழுதிக் கையெழுத்தாகும் உடன்பாட்டுக்குச் சிவில் கோர்ட் தீர்ப்புக்கு உள்ள அதே மதிப்பு உண்டு. 18,000 ரூபாய்.

இடைப்பட்ட வாரங்களில் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் "இதை வச்சு நல்லா காசு பார்க்கறாங்க" என்று ஒருவர் எழுதினார். பேச்சுவார்த்தை நாளில் நாயின் உரிமையாளர் உண்மையாகவே மனம் வருந்தி, "இதுக்கு ஏன் அக்கா நோட்டீஸ்? கேட்டிருந்தா நாங்களே குடுத்திருப்போமே" என்றார்.

"கேட்டா குடுப்பீங்க சார், தெரியும். ஆனா இது நான் வந்து கேக்கற காசா?" என்றார் அந்த அக்கா.

*

கவரில் வந்த ஐயாயிரத்துக்கும் கையெழுத்தோடு வந்த பதினெட்டாயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் பதின்மூவாயிரம் அல்ல. கவருக்கு அவர் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. தன்னைக் கடித்த நாயின் சொந்தக்காரரிடம், காலில் ரத்தத்தோடு நன்றி. கொடுப்பவர் மனம் வைத்தால் ஐயாயிரம், மனம் பெரிதாக இருந்தால் பத்தாயிரம், மனம் வராவிட்டால் ஒன்றுமில்லை. எவ்வளவு என்பதும் எப்போது என்பதும் கொடுப்பவர் கையில். நல்ல மனிதர்களின் தயவாகவே இருந்தாலும் அது தயவுதான். சட்டத்தின் வழியாக வந்த பணத்துக்கு அவர் யாரிடமும் நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

சட்டத்தை நாடுவதைப் பற்றி நம்மிடையே இருக்கும் கூச்சம் இங்கேதான் வருகிறது என்று நினைக்கிறேன். 'கோர்ட் படி ஏறியவன்' என்பதை நாம் வசவாகவே வைத்திருக்கிறோம். நஷ்ட ஈடு கேட்பவர் பேராசைக்காரர் அல்லது பழிவாங்குபவர். அவர் கேட்பது தயவைக் கடனாக மாற்றச் சொல்லித்தான் என்பது நம் கண்ணில் படுவதில்லை. மளிகைக் கடைக்காரர் பாக்கியைக் கேட்டால் பேராசை என்று சொல்வோமா?

இதில் ஒரு இழப்பும் உண்டு. அந்த உரிமையாளர் இப்போது அக்காவைப் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. முன்பு பண்டிகைக்குப் புடவை கொடுத்தவர்கள், இந்தத் தீபாவளிக்குக் கொடுக்கவில்லை. சட்டம் அண்டை வீட்டாரை வாதி, பிரதிவாதி ஆக்கிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பழைய உறவில் ஒரு பக்கம் மட்டுமே நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. அது உடைந்ததற்கு எவ்வளவு வருத்தப்பட வேண்டும் என்பது அவரவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. அக்காவிடம் கேட்டேன். "புடவை போனா போவுது" என்றார்.

*

வீட்டு நாய்க்குக் கதவு எண் உண்டு. தெரு நாய் கடித்தால் நோட்டீஸ் எந்த விலாசத்துக்கு?

2001ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும், அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் விதிகளும் சொல்வது ஒன்றுதான். தெரு நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். இதைச் செய்ய வேண்டியது உள்ளாட்சி அமைப்புகள். இதற்குக் காரணமும் உண்டு. இருக்கிற நாய்களை அப்புறப்படுத்தினால் காலி இடத்துக்கு வேறு நாய்கள் வரும். கருத்தடையான நாய் தன் இடத்தைக் காத்துக்கொண்டு இருந்தால் எண்ணிக்கை மெல்லக் குறையும். சிகிச்சை முடிந்ததன் அடையாளமாக நாயின் காதில் சிறிதாக வெட்டிவிடுவார்கள்.

காதில் வெட்டு உள்ள நாய் கடித்தால், அது அரசின் கை பிடித்துத் திரும்ப விட்ட நாய். வெட்டு இல்லாத நாய் கடித்தால், அரசின் கை போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. இரண்டில் எதுவானாலும் "யாரோட நாய்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

நீதிமன்றங்கள் இந்தப் பதிலை நோக்கி மெல்ல நகர்ந்திருக்கின்றன. கேரளத்தில் நாய்க்கடி பட்டவர்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்க உச்ச நீதிமன்றம் 2016இல் நீதிபதி ஸ்ரீஜெகன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், கணக்கே போட்டுக் கொடுத்தது. ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய். சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டர் காயத்துக்குக் குறைந்தது 20,000 ரூபாய். கொடுக்க வேண்டிய முதல் பொறுப்பு அரசுடையது. வேறு யாராவது காரணம் என்றால் அரசு பிறகு அவர்களிடம் வசூல் செய்துகொள்ளலாம்.

இந்தச் செய்தி வந்தபோது எங்கள் ஆபீஸ் கேன்டீனில் எல்லோரும் சிரித்தோம். "நாலு பல்லுன்னா நாப்பதாயிரமா?" பல்லை எண்ணுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் எஷ்நுன்னாவின் 40 ஷெக்கலும் இந்தப் பத்தாயிரமும் ஒரே வேலையைச் செய்கின்றன. தொகையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், கடிபட்டவர் ஒவ்வொரு மேஜையாகப் போய்த் தன் வலியை நடித்துக் காட்ட வேண்டியதில்லை. எஷ்நுன்னா அடிமைக்கு வேறு விலை போட்டது. பல் கணக்கில் அதுவும் இல்லை, ஐ.டி. மேனேஜர் காலிலும் தூய்மைப் பணியாளர் காலிலும் பல்லுக்கு ஒரே விலை.

பணத்தால் ஈடு செய்ய முடியாதது நிறையவே இருக்கிறது. ரேபிஸ் அறிகுறிகள் தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. தோன்றச் சாதாரணமாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும், சில சமயம் ஒரு வருடம்கூட ஆகலாம். ஊசி முறையாகப் போட்டவருக்கும் அந்த மாதங்களில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஒரு நொடி தொண்டையைக் கவனிக்கத் தோன்றும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம். இதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் பில் தர மாட்டார்கள்.

*

"அரசு கொடுப்பது நம் வரிப்பணம்தானே, ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாற்றுவதில் என்ன நீதி?" என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு அதுதான் நீதியாகத் தெரிகிறது. தெரு நாய்களைக் கொல்வதில்லை என்று ஒரு சமூகமாக நாம் முடிவு செய்திருக்கிறோம். அது நல்ல முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கருணைக்கு ஒரு செலவு இருக்கிறது. இப்போது அதைக் கட்டுவது யார்? காரில் வந்து கேட்டுக்குள் இறங்குகிறவர்கள் அல்ல. விடிகாலையில் குப்பை அள்ளுகிறவர்கள், பால் பாக்கெட் போடுகிறவர்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நமக்குப் பிரியாணி கொண்டு வருகிற பையன்கள், தெருவே விளையாட்டு மைதானமாக இருக்கிற குழந்தைகள். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவின் செலவைச் சிலருடைய கெண்டைக்கால் மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறது. இழப்பீடு என்பது அந்தச் செலவை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது.

நாய்களை நேசிக்கும் நண்பர்களுக்கு வேறு பயம். இழப்பீடு, வழக்கு என்று ஆரம்பித்தால் கடைசியில் நாய்களைத்தான் ஒழிப்பார்கள் என்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதியின் தெரு நாய்கள் அனைத்தையும் காப்பகங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னதும், ஆகஸ்ட் 22 அன்று இன்னொரு அமர்வு அதைத் திருத்தி, ரேபிஸ் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைச் சிகிச்சைக்குப் பின் திரும்ப விடச் சொன்னதும் அவர்கள் நினைவில் இருக்கிறது. பயம் நியாயமானதே. ஆனால் நான் பார்த்தவரை, சோற்றில் விஷம் வைக்கிறவர்கள் வழக்குப் போட்டவர்கள் அல்ல. எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாதவர்கள்தான். பதில் சொல்ல மனிதர் யாரும் இல்லாத இடத்தில் கோபம் விலங்கின் மேல் இறங்கும். 1386இல் பிரான்சின் ஃபலேஸ் நகரத்தில் ஒரு குழந்தையைக் கொன்றதற்காக ஒரு பன்றியை முறையாக விசாரித்துத் தூக்கிலிட்டார்கள். நாம் அவ்வளவு சடங்கு செய்வதில்லை, கட்டையை எடுக்கிறோம். கடிக்கு ஒரு மனிதர் பொறுப்பேற்றால் நாய் சாக வேண்டியதில்லை.

எங்கள் ஆபீஸுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு செவலை நாய் இருக்கிறது. காதில் வெட்டு இல்லை. இரண்டு பேரைக் கடித்திருக்கிறது. பக்கத்துக் கட்டடத்து செக்யூரிட்டி அண்ணன், சந்துக்குள் வண்டியைத் திருப்புகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "அந்தப் பக்கம் வேணாம், நாய் ஒண்ணு இருக்கு, சுத்திப் போங்க" என்கிறார். எஷ்நுன்னாவில் பேட்டை அதிகாரி செய்த அதே வேலை. அவருக்கு உரிமையாளர் என்று ஒருவர் இருந்தார், அவரிடம் போய்ச் சொன்னார். இவருக்குச் சொல்ல அப்படி யாரும் இல்லாததால் போகிற வருகிற எல்லோரிடமும் சொல்கிறார்.

போன வாரம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினோம். எந்தச் சந்து, என்ன நிறம், எந்தெந்தத் தேதியில் யார் யாரைக் கடித்தது, காதில் வெட்டு இல்லை. பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுத் திரும்ப விடுமாறு கேட்டோம். அவர் பத்தாவது வரை படித்தவர், கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும் என்பதால் அவரே எழுதினார். நகலில் தேதியோடு முத்திரை வாங்கி அவருடைய நோட்டுக்குள் வைத்திருக்கிறார். நாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை அது யாரையாவது கடித்தால், எங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.